இல்லாத கோழி

கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, டினுகே அப்பா சமையலறையில் சுத்தியலோடு நின்றார்.

சாமான் அறைப் பூட்டின் சாவியை அவர் மனைவி எப்போதும் தன் சுற்றாடை முனையில் முடிந்து வைத்திருப்பாள். அந்தச் சுற்றாடையோடுதான் காலையில் அவளைப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். இபாதான் நகரில் பாதியைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகே அவருக்குச் சாவி ஞாபகம் வந்தது. அதற்குள் ஒக்போமோஷோவிலிருந்து அவள் பிறந்த வீட்டாரின் வேன் வந்துவிட்டது.

"மாப்ள, ஒண்ணும் வேணாம். தண்ணி போதும்" என்றார் கூடத்திலிருந்து அவளுடைய அண்ணன் அடிகுன்.

இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. மகள் டினுகே லாகோஸ் போன பிறகு, "ரெண்டு பேருக்கு எதுக்குடி இவ்வளவு சாமான்?" என்று அவர் கேட்டதுண்டு. "வர்றவங்க சொல்லிட்டா வருவாங்க?" என்பாள். இன்று வந்தவர்கள் அவளுக்காக வந்தவர்கள். சேதி கேட்டதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறியவர்கள். ரொட்டி வாங்கி வந்து போட்டு அனுப்பினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அப்படி நினைத்த பிறகுதான், விழிக்க அந்த முகம் இனி இல்லை என்று அவருக்கு உறைத்தது.

சுத்தியலை ஓங்கினார்.

"ஐயையோ! அந்தப் பூட்டு மேல கைய வச்சீங்கன்னா அவ எழுந்து வந்துடுவா!"

பின்வாசலில் பக்கத்து வீட்டு வுரா அம்மா. இருபது வருடமாக மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் மனைவியோடு சண்டை போட்டவள். அழுது வீங்கிய கண்களோடு அவருக்கு முன் அரை முழங்கால் மடக்கி மரியாதை செய்தாள். பிறகு தன் சுற்றாடை முனையை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தாள். பூட்டு முனகாமல் திறந்தது.

"இது... உங்ககிட்ட எப்படிம்மா?"

"வுராவைப் பொண்ணு பார்க்கத் திடுதிப்புன்னு பதினஞ்சு பேர் வந்தாங்களே, அன்னிக்கு எங்க வீட்ல உப்பு மட்டும்தான் இருந்துச்சு. உங்க வீட்டம்மா சாக்கோட பின்பக்கமா வந்தா. அப்புறம் இதைக் கொடுத்தா. 'நான் வீட்ல இல்லேன்னாலும் நீயே திறந்து எடுத்துக்கோடி'ன்னா."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களே! கோழிச் சண்டை தெருவே கேக்குமே!"

வுரா அம்மாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுக்கு ஆள் வந்தா, வந்தவங்களுக்குத் தெரியாம சாமான் எப்படிக் கேக்கறது? 'உன் கோழி என் கீரையைக் கிண்டுது'ன்னு கத்துவேன். 'பின்வாசல் திறந்துதான் கிடக்கு, துணிச்சல் இருந்தா வந்து பிடிச்சுக்கோடி'ன்னு அவ கத்துவா. வந்து எடுத்துப்பேன்."

"எங்க வீட்ல கோழியே கிடையாதேம்மா!"

"அதான். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடக் கேக்கலையே! சமாதானம் பண்ண நீங்களே வந்தீங்க, பழக்கூடையோட."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். அறைக்குள் யாம் கிழங்குகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. புகை போட்ட கெளுத்தி மீன், கழுத்துவரை செம்பனை எண்ணெய் நிறைந்த டின்கள், மரவள்ளிக் குருணை மூட்டை. எதிலும் ஒரு தூசி இல்லை.

வுரா அம்மா கிழங்கை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள். "நின்னுட்டிருக்காதீங்க. அந்த மிளகாயைக் கழுவுங்க. காம்பைக் கிள்ளிட்டு. உங்களுக்கு அதுகூடத் தெரியாதுன்னு அவ சொல்லியிருக்கா."

எட்டுப் பேரும் சாப்பிட்டார்கள். அடிகுன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இடித்த கிழங்கை உருட்டியபடி, "என் தங்கச்சி வீடுடா இது" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார். தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பாத்திரம் கழுவிவிட்டு வுரா அம்மா சாவியை நீட்டினாள். டினுகே அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அதை மறுபடியும் சுற்றாடையில் முடிந்துகொண்டு போனாள்.

வெயில் தாழ்ந்தபோது அடுத்த வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வுராவின் மாமனார் வீட்டார், துக்கம் விசாரிக்க வந்தவர்கள், முதலில் அங்கே இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உங்க கோழி... என் கீரையை..."

குரல் பாதியில் நின்றது.

அடிகுன் நிமிர்ந்தார். "என்ன மாப்ள இது? செத்த வீடுன்னுகூடப் பார்க்காம இன்னிக்குமா சண்டை?"

டினுகே அப்பா எழுந்தார். வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர், கொல்லைப்புறம் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, மதிலைப் பார்த்துக் கத்தினார்:

"பின்வாசல் திறந்துதான் இருக்கு! துணிச்சல் இருந்தா வந்து பிடிச்சுக்கங்க!"

பிறகு போய்ப் பின்வாசல் தாழ்ப்பாளை நீக்கினார்.