எட்டு நாள் காப்பு

என் பேரு ரத்தினவேல். கம்பெனில என் முதுகுக்குப் பின்னால 'கத்திரி'ன்னு சொல்றானுங்க. சொல்லட்டும், எனக்கென்ன. ஓசூர்ல பாகலூர் ரோட்டுப் பக்கம், இரும்பு கடையற லேத் மிஷின் பதினொண்ணு ஓடற சின்னக் கம்பெனி. லேத் செக்‌ஷனுக்கு நான்தான் சூப்பர்வைசர். காலைல ஷிப்டு ஆரம்பிக்கறப்ப வாசல்ல நின்னுக்குவன். மோதிரம், வாட்ச், சாமி கயிறு, கையில எது இருந்தாலும் கழட்டிட்டுத்தான் உள்ள போவணும். கழட்ட மாட்டன்னு எவனாவது மொறைச்சா சட்டைப் பையில கத்திரிக்கோல் இருக்கு, நானே வெட்டிருவன். திருப்பதிக் கயிறும் வெட்டியிருக்கன், தர்கா கயிறும் வெட்டியிருக்கன். "நீ நாசமாப் போவ"ன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேராவே சொன்னான். "போறன்டா, நீ மொதல்ல கைய நீட்டு"ன்னன்.

ஏன் இப்படின்னு கேட்டா கங்கப்பனத்தான் சொல்லுவன். ஆனேக்கல்ல இருந்து பைக்ல வருவான், கன்னடக்காரன், தங்கமான வேலைக்காரன். போன மார்கழியில குளிருதுன்னு கையில கிளவுஸ் மாட்டிக்கிட்டு, சுத்திட்டிருக்கற ஷாஃப்டுத் தண்டுல இரும்புப் பிசிற தட்டி உட்டான். கிளவுஸ் நுனி மாட்டுச்சு. அவ்ளோதான். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முழங்கை வரைக்கும் இழுத்துச் சுத்திருச்சு. எலும்பு ஒடையற சத்தம் பதினோரு மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு. "கை ஹோய்த்து, கை ஹோய்த்து"ன்னு, கை போச்சுன்னு கன்னடத்துல அலறுறான், என் மூஞ்சி, சட்டையெல்லாம் ரத்தம். அவன ஆஸ்பத்திரிக்கு ஏத்தி உட்டுட்டு, மிஷினுக்கு அடியில குனிஞ்சு அந்தக் கிளவுஸ நான்தான் எடுத்தன். உள்ள ரெண்டு விரல் இருந்துச்சு. நாலு நாளு எனக்குச் சோறு எறங்கல.

இப்ப விஷயத்துக்கு வரன். எங்க செக்‌ஷன்லயே நாலாம் நம்பர் லேத் ஓட்டறவன் சென்னப்பன். என் தங்கச்சி பிரியாவோட வீட்டுக்காரன். நான்தான் வேலையில சேத்து உட்டன். ஊருல அவரு மாப்ள, வாங்க, உக்காருங்க. கம்பெனிக்குள்ள வந்துட்டா வாடா, போடா. அதுல எனக்கும் அவனுக்கும் ஒரு வருத்தமும் கெடையாது.

பிரியாவுக்கு ரெண்டு தடவ வயித்துல தங்காமப் போயிருச்சு. ரெண்டாவது தடவ அவ அழுத அழுகைய இன்னொருக்கா என்னால கேக்க முடியாது. இப்ப ஏழு மாசம். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துல எங்க ஊரு மாரியம்மன் பண்டிகைக்குப் புருஷன் காப்பு கட்டறதா அவ வேண்டிக்கிட்டா. மஞ்சக் கயித்துல மஞ்சக் கெழங்கு வச்சு வலது மணிக்கட்டுல பூசாரி கட்டி உடுவாரு. எட்டு நாள், தீ மிதிச்சு முடிக்கற வரைக்கும் அத அவுக்கக் கூடாது. நடுவுல அறுந்தா வேண்டுனது கைக்கு வராதும்பாங்க. சிரிக்காதீங்க, நானும் நம்பறவன்தான். எங்கப்பா படுத்துக் கெடந்தப்ப நானே கட்டியிருக்கன்.

காப்பு கட்டுன மறுநாள் சென்னப்பன் வாசல்ல கைய நீட்டுனான். மஞ்சக் கயிறு புதுசா மினுங்குது. என் கை கத்திரிக்கோலுக்குப் போவல.

"யாருக்கு வேண்டுனதுன்னு தெரியும்ல மச்சான்?"

"தெரியும்டா. எட்டு நாளைக்கு மிஷின் பக்கமே வராத. பேக்கிங்ல போயி உக்காரு."

"பொம்பளைங்களோட உக்காந்து அட்டப்பெட்டி ஒட்டச் சொல்றியா?"

"ஒட்டு. பசை இல்லன்னா நக்கி ஒட்டு. லேத்துல கைய வச்ச, நானே முறிச்சுருவன்."

மூணு நாள் ஒழுங்காத்தான் ஒட்டுனான். நாலாம் நாள் நான் சாம்பிள் எடுத்துக்கிட்டு போச்சம்பள்ளிக்குப் போயிருந்தன். அன்னைக்குன்னு ஒரு ஆப்பரேட்டர் வரல. சாயங்காலம் லாரி போயாவணும்னு மொதலாளி அவனுக்கே நேரா போன் போட்டிருக்காரு. இவனும் சரிங்க சார்னுட்டு மிஷின்ல ஏறிட்டான். ஏறுனவன் ஒரு அதிபுத்திசாலித்தனம் பண்ணியிருக்கான். காப்பு எதுலயும் மாட்டக் கூடாதுன்னு அதுக்கு மேல கருப்பு இன்சுலேஷன் டேப்ப நாலு சுத்து சுத்திக்கிட்டான். காப்பும் அறுவாது, வேலையும் நடக்கும்னு நெனப்பு. சும்மா கட்டுன நூலா இருந்தா மாட்டுனாலும் அறுந்து தொலையும். டேப்பு அறுவாது, கையத்தான் கூட்டிட்டுப் போவும். இது அந்த மடையனுக்குத் தெரியல.

மத்தியானம் நான் உள்ள நொழையறன், அவன் ஓடற ஷாஃப்டுக்கு, உப்புத்தாள் மாதிரி இருக்கற எமரித் துணியப் புடிச்சு பாலீஷ் போட்டுட்டிருக்கான். வேர்வையில டேப்போட நுனி கழண்டு ரெண்டு விரக்கடை தொங்குது. கத்தக் கூடாது, கத்துனா திரும்பிப் பாப்பான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கத்திட்டன்.

திரும்பிப் பாத்தான். எமரித் துணிய ஷாஃப்டு புடுங்குச்சு, கூடவே டேப்பு நுனியயும் சுருட்டுச்சு. கை சர்ருனு உள்ள போச்சு. "அம்மா"ன்னு ஒரு அலறல். நான் பாஞ்சு ஃபுட் பிரேக்க ரெண்டு காலாலயும் மிதிச்சு, அவன் இடுப்பக் கட்டிக்கிட்டுப் பின்னால இழுத்தன். ரெண்டு சுத்து சுத்தி நின்னுச்சு மிஷின்.

மணிக்கட்டு ஷாஃப்டோட ஒட்டிக் கெடக்குது. இரும்பக் கவ்விப் புடிக்கற சக்குப் பல்லுக்கும் அவன் கைக்கும் நடுவுல ஒரு விரல் எடம்தான். தோலு உரிஞ்சு தொங்குது, கூலண்ட்டுத் தண்ணியில ரத்தம் சொட்டுச் சொட்டா வுழுவுது. விரல அசைடான்னன். அசைச்சான். எனக்கு உசுரு வந்துச்சு.

"வெட்டிராத மச்சான்," அப்பக்கூட அதத்தான் சொல்றான். "கையால பின்னாடி சுத்து. கழண்டு வந்துரும். காப்பு அறுந்துரக் கூடாது. ஒங்கால்ல வுழறன்."

உண்மையச் சொல்லிர்றன். அவன் சொன்னது சரிதான். நியூட்ரல்ல போட்டுச் சக்கக் கையாலயே பின்னாடி சுத்தியிருந்தா ரெண்டு நிமிஷத்துல கழண்டிருக்கும். காப்பு அப்படியே இருந்திருக்கும். ஆனா நாளைக்கு மொதலாளி மறுபடி போன் பண்ணுவாரு, இவன் மறுபடி டேப்பு சுத்திக்கிட்டு ஏறுவான். நாளைக்கு நான் எங்க இருப்பன்னு யாருக்குத் தெரியும்? கத்திரிக்கோல எடுத்தன். அவன் இடது கையால என் தலமயிரப் புடிச்சு ஆட்டுறான், நெஞ்சுல மோதுறான், காதக் கடிக்க வரான். டேப்பயும் காப்பயும் சேத்து ஒரே வெட்டு. மஞ்சக் கெழங்கு உருண்டு பிசிறுத் தட்டுல வுழுந்துச்சு.

சென்னப்பன் போன எடுத்து பிரியாவுக்குப் போட்டு என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனான். "நீயே சொல்லு."

காப்ப வெட்டிட்டன்னு சொன்னன். "இல்லன்னா அவன் கை போயிருக்கும் பிரியா"ன்னன்.

"கையப் பத்தி நான் ஒன்ன கேட்டனா?" அப்படியொரு கொரல் அவளுக்கு இருக்கறது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். "என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சு, நீ என் வாசப்படி ஏறாத. செத்தாலும் வராத. எனக்கு அண்ணன் இல்ல." வச்சுட்டா.

அவ வச்ச மறு நொடி அவன் அறைஞ்சான். ரத்தம் ஒழுவற அதே வலது கையால. காது ஙொய்யினு அடைச்சிருச்சு, மூணாம் நம்பர் மிஷின் மேல போயி வுழுந்தன். மத்த பசங்க அவனப் புடிக்க ஓடி வந்தானுங்க. "எவனும் அவனத் தொடாதீங்கடா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க"ன்னுட்டு பாத்ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டன்.

கண்ணாடியில பாத்தன். இடது கன்னத்துல அவன் விரல் அவன் ரத்தத்துலயே பதிஞ்சிருந்துச்சு. எண்ணுனன். அஞ்சு. கட்ட விரல்லருந்து இன்னொருக்கா எண்ணுனன். அஞ்சும் இருந்துச்சு. நான் அழுவற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு கொழாயத் தொறந்து உட்டன். மூஞ்சியக் கழுவ மனசு வரல.