மாமா கொடுத்த திருட்டுப் புகார்

குற்றாலலிங்கம் மாமா லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம். 2001-ஆம் வருஷம் அக்காள் மகள் பொன்னம்மை, "ஷிஜாகூடத்தான் வாழுவேன்" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனதும், நேரே வக்கீலிடம் ஓடினார். வயது வந்த இரண்டு பெண்கள் சேர்ந்து இருப்பதற்கு எந்தச் சட்டப் பிரிவில் கேஸ் போடுவது என்று வக்கீல் கையை விரித்தார். அவர்களை ஒரு குடும்பம் என்று ஒத்துக்கொள்ளவும் எந்தச் சட்டமும் கிடையாது. அந்தச் சந்தில்தான் மாமா புகுந்தார். அக்காளின் ஐந்து பவுன் சங்கிலியை ஷிஜா திருடிவிட்டாள் என்று புகார் கொடுத்தார்.

ஷிஜாவை வேலை பார்க்கும் துணிக்கடையிலிருந்தே ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து மூலையில் நிறுத்தியிருந்தார்கள். சங்கிலித் திருட்டுப் புகார் என்று கேள்விப்பட்டுப் பொன்னம்மை பதறியடித்து ஓடிவந்தாள். மாமா பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"நீ அம்மையோட வீட்டுக்குப் போ. கேஸும் இல்லை, ஒண்ணும் இல்லை. இல்லேங்கில் இவளை ரிமாண்ட் செய்யும், கேட்டோ?" என்றார் எஸ்.ஐ., மலையாளம் கலந்த தமிழில்.

பொன்னம்மை மூலையில் நின்ற ஷிஜாவைப் பார்த்தாள். தலையாட்டினால் ஷிஜா தப்பிப்பாள். அடுத்த முகூர்த்தத்திலேயே தனக்கு ஒரு மாப்பிள்ளை வந்துவிடுவான்.

அப்போது அம்மா பிச்சம்மாள் உள்ளே வந்தாள். அதிகாரிகள் முன்னால் வெறுங்கழுத்தோடு நிற்பது குடும்பத்துக்குக் கேவலம் என்று இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று தம்பி அவளிடம் சொல்லவே இல்லை.

பொன்னம்மைக்குச் சிரிப்பு வந்தது; அதைவிடக் கோபம் வந்தது.

"சாரே, களவுபோன சங்கிலி அந்தா எங்க அம்மைக்க கழுத்துல கெடக்கு."

"இது களவு போச்சா? எப்பம்?" என்று பிச்சம்மாள் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். மாமா பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டார்.

எஸ்.ஐ. மாமாவை ஒரு முறை முறைத்துவிட்டு ஷிஜாவைப் போகச் சொன்னார். ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"இன்னைக்குத் தப்பிச்சு. நாளைக்கு வேற கேஸ் வரும். ஒரு சட்டமும் உங்க பக்கம் இல்லை, அறியாமோ?"

அவர் சொன்னது பொய் இல்லை. வாடகை வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் படுத்தால், நீ இவளுக்கு யார் என்று கேட்பார்கள். பொன்னம்மைக்குப் பயமாகத்தான் இருந்தது. ஷிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வரட்டும் சாரே. எத்தனை கேஸ் வந்தாலும் ரெண்டு பேரும் சேந்துதான் வருவோம். இனி கடையில வந்து பிடிக்காண்டாம், வீட்டுக்கே வாங்க."

அதுவரை யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த தாங்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்து வீட்டு விலாசத்தை, மாமாவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்.