தொப்பியைக் கழற்றிய பந்தெறிவாளர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தொப்பியிலிருந்து கிடைத்தது. மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு டெப்பனர், தெருமுனைச் சில்லறைக் கடை. நான் பால் வாங்க நின்றேன். மேலே மாட்டியிருந்த தொலைக்காட்சியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் ஒருவர் எறிந்த பந்து மட்டையாளரின் முழங்கையில் பட, எறிந்தவர் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார். கடைக்காரர் சிரித்தார். எனக்கு ஏனோ நெஞ்சு நிமிர்ந்தது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆள் நான். பேஸ்பாலில் என் அறிவு கொஞ்சம்தான். ஆகவே இந்தக் கதையில் வருகிற ஆட்டக்காரர் எவரும் உண்மையில் மொன்றியல் அணியில் ஆடியவர் அல்லர். நானே உண்டாக்கிய மனிதர்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'பந்தெறிவாளர் செய்ஜி ஒகுமுரா விமானத்தை விட்டு இறங்கியதும் பனியைப் பார்த்து—'

(அடித்துவிட்டேன். இந்த ஊருக்கு வருகிற எல்லாரையும் பனியைப் பார்க்கவைத்து எழுதியாயிற்று.)

அடுத்தது: 'ஒகுமுராவின் தனிமை—'

(இதுவும் வேண்டாம். அவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.)

பிறகுதான் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பது தெரிந்தது. அவரைப் பிடித்துக்கொண்டேன்.

2

நீக்கிலாப்பிள்ளை மன்னார்க்காரர். கனடாவுக்கு வருமுன் ஜப்பானில் ஹமமாட்சு நகரத்து மோட்டார்சைக்கிள் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்து, அந்த மொழியைச் சண்டை பிடிக்கும் அளவுக்குக் கற்றவர். மொன்றியலில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். ஒரு மத்தியானம் மொன்றியல் அணிக்கு ஆட ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒகுமுரா அங்கே சாப்பிட்டுக்கொண்டே, மீன் நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளேயிருந்து, "இண்டைக்குத்தான் வந்தது, ஐயா" என்று ஜப்பானிய மொழியில் பதில் வந்தது. எட்டிப் பார்த்தால் ஒரு கறுத்த முகம்.

(அவர் ஜப்பானிய மொழியில் சொன்னதை நான் மன்னார்த் தமிழில் எழுதியிருக்கிறேன். அவர் வாயில் அது அப்படித்தான் இருந்திருக்கும்.)

ஒகுமுராவின் மொழிபெயர்ப்பாளர் ஊருக்குத் திரும்பிப் போயிருந்த நேரம் அது. அந்த மாதமே நீக்கிலாப்பிள்ளை கடை வேலையை விட்டு, ஒகுமுராவுக்கு மொழிபெயர்க்கப் போனார். மனைவி யோசெப்பின் செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள். "யோசிச்சுத்தான் விட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"பந்து விளையாட்டு எனக்குத் தெரியாது. ஆனா அந்த மனுசன்ரை கதை விளங்குது" என்றார்.

3

ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் பாட்டு காதைப் பிளக்கும். சீட்டாட்டம், கேலி, பறக்கிற காலணிகள். ஒகுமுரா தன் காலணியைத் துடைத்து வைத்துவிட்டு, ஆட்டமில்லாத நாளிலும் நூறு பந்துக்கு மேல் எறியக் கிளம்புவார். பயிற்றுநர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

"இப்படியே எறிஞ்சா கை போயிடும். பைத்தியமான்னு கேள்."

நீக்கிலாப்பிள்ளை அதை இப்படிச் சொன்னார்: "உங்கள் கையைப் பற்றிக் கவலைப்படுகிறார்."

"எறியாத கை துருப்பிடிக்கும். இங்கே யாருக்குமே அது தெரியாதா?" என்றார் ஒகுமுரா.

பயிற்றுநருக்குப் போய்ச் சேர்ந்தது: "உங்கள் அக்கறைக்கு நன்றி என்கிறார்."

இப்படியாக அறையில் சமாதானம் நிலவியது. ஒகுமுரா பந்துகளைக் குறைக்கவில்லை. பயிற்றுநரும் சொல்வதை நிறுத்தவில்லை.

(இந்த இடத்தில் எனக்கு நீக்கிலாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தது. இவர் நல்லவரா, பயந்தவரா? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பேந்து அவரையே விட்டுப் பார்ப்போம் என்று தொடர்ந்தேன்.)

4

ஜூனில் ஒரு ஆட்டம். ஒகுமுரா எறிந்த பந்து எதிரணிக்காரரின் தோளில் பட்டது. ஒகுமுரா தொப்பியைக் கழற்றினார். ஜப்பானில் அது வழக்கம். அமெரிக்க ஆட்டத்தில் அப்படி யாரும் செய்வதில்லை. அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். இவர் இனி உடம்புப் பக்கம் எறியமாட்டார் என்று நம்பி, அடுத்தடுத்து வந்த மட்டையாளர்கள் பந்து வரும் பாதைப் பக்கத்துக் கோட்டை ஒட்டி நெருங்கி நின்றார்கள். தூரப் போன பந்துகளையெல்லாம் எட்டி விளாசினார்கள். மூன்று ஆட்டம் தொடர்ந்து அடி. நாலாவதும் இப்படியென்றால் கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிடுவோம் என்றார் பயிற்றுநர். ஒகுமுரா போனால் நீக்கிலாப்பிள்ளைக்கும் வேலையில்லை.

அன்று, மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து கையுறை காட்டிப் பந்து பிடிக்கிற ரஸ், பாட்டை நிறுத்திவிட்டு ஒகுமுராவின் முன்னால் வந்து நின்றான். டெக்சாஸ்காரன், அணியில் மூத்தவன், நல்லவன், சத்தமானவன்.

"அந்தத் தொப்பியை இனித் தொடாதேன்னு சொல்லு. இவன் பயந்தவன்னு ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு."

நீக்கிலாப்பிள்ளை வாயைத் திறந்தார். மென்மையான ஒரு வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. ஒகுமுரா கையை உயர்த்தி, "அவர் சொன்னது போலவே சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே கோபம் தெரிகிறது" என்றார்.

சொன்னார். அதைக் கேட்டு ஒகுமுரா எழுந்து நின்று, அமைதியாக, நீளமாகப் பதில் சொன்னார்.

அதை நீக்கிலாப்பிள்ளை எப்படி ஆங்கிலத்தில் சொன்னார் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: 'முயற்சி செய்கிறேன் என்கிறார்.' (எல்லாருடைய வேலையும் தப்பும்.)

இரண்டாவது: 'அது எங்கள் நாட்டுப் பண்பாடு—' (இல்லை. ஒகுமுரா நாட்டைப் பற்றிப் பேசவேயில்லை.)

மூன்றாவது, நடந்தது:

"பந்து பட்டவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அது அவனுக்கும் எனக்கும் உள்ள விசயம். நான் பயப்படவில்லை. அன்றிலிருந்து கையுறையைத் தூரத் தள்ளி வைப்பது நீ. நீ காட்டுகிற இடத்துக்கு எறிகிறேன். பயந்தது நீ. உடம்புப் பக்கம் வை. எறிகிறேன். பட்டால் தொப்பியைக் கழற்றுவேன்."

சொல்லி முடித்தபோது நீக்கிலாப்பிள்ளையின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ரஸ்ஸின் கழுத்து சிவந்தது. பயிற்றுநர் ரஸ்ஸைப் பார்த்தார். ரஸ் நிலத்தைப் பார்த்தான்.

"சரிதான். தூரத்தான் வச்சேன்" என்றான் கடைசியில்.

5

நாலாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தேவாலயத்தில் பூசை முடிந்து யோசெப்பின் பிள்ளைகளோடு வந்து, பாதிக்கு மேல் காலியான அரங்கில் உட்கார்ந்தாள்.

ரஸ் கையுறையை உடம்புப் பக்கம் வைத்தான். ஒகுமுராவின் பந்து மட்டையாளரின் விலாவை உரசிப் போனது. தொப்பி கழன்றது, தலை குனிந்தது. எதிரணி இருக்கையில் சிரிப்பு. அடுத்தவன் கோட்டை ஒட்டி நின்றான். ரஸ் கையுறையை அசைக்கவேயில்லை. பந்து அதே இடத்துக்கு, முன்னதை விட வேகமாக வந்தது. மட்டையாளன் துள்ளி விழுந்தான். எழுந்தபோது ஓரடி தள்ளி நின்றான். அப்புறம் வந்த மூன்று பந்தும் அவனுக்கு எட்டவில்லை; ஆட்டமிழந்தான்.

"அந்தத் தொப்பி என்னத்துக்கு?" என்று அவன் ரஸ்ஸிடம் கேட்டான்.

"அது அவன் மரியாதை. பந்து வேற கதை" என்றான் ரஸ்.

எட்டாவது சுற்று வரை ஒகுமுரா எறிந்தார். மொன்றியல் வென்றது. இருந்த கொஞ்சப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யோசெப்பினுக்கு ஆட்டம் விளங்கவில்லை. தட்டியதில் உள்ளங்கை எரிந்தது. வெளியே வந்த கணவனிடம், "அண்டைக்கு அவையளுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"அவர் சொன்னதை."

"அப்பிடியேவோ?"

"ஓம். அப்பிடியே" என்றார். சொல்லும்போது அவர் முகம் பார்க்க வேண்டிய முகம்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்த இலையுதிர்காலத்தோடு அணி மொன்றியலை விட்டுப் போனது. இது மட்டும் நான் உண்டாக்கியதல்ல. ஒகுமுராவை வேறொரு அமெரிக்க நகரம் எடுத்துக்கொண்டது. "நீங்களும் வாருங்கள்" என்றார் அவர்.

ஒரு முடிவில் நீக்கிலாப்பிள்ளை குடும்பத்தோடு போகிறார். அங்கே பிள்ளைகள் பிரெஞ்சை மறக்கிறார்கள். இன்னொன்றில் மீன் வெட்டத் திரும்புகிறார், கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கைகாட்டிப் பேசிக்கொள்கிறார்கள். இரண்டிலும் அவர் தலை நிமிர்ந்துதான் இருக்கிறார். அதனால் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

கடைசியாக நான் பார்த்தது அவர்கள் வீட்டுக் குசினியை. யோசெப்பின் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவர் வரச்சொல்லுறார், சரி. பிள்ளையளைப் பற்றிப் பேந்து கதைப்பம். இப்ப உங்களுக்கு என்ன விருப்பம்?"

ரஸ்ஸுக்குப் பதில் சொன்ன நாளிலிருந்து அவர் ஒகுமுராவுக்காக எத்தனையோ தடவை 'நான்' என்று சொல்லியிருந்தார். ஒரு தடவையும் அது அவரில்லை. மனைவியை நேராகப் பார்த்தார்.

"நான்—"

இந்த வாக்கியத்தை நான் அவருக்காகச் சொல்லமாட்டேன். அவருக்குப் பக்கத்தில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள்.