மாண்டலினோடு வந்தவள்

1956-ஆம் வருஷம் சாரல் காலத்தில், தென்காசியில் ரேடியோக் கடை வைத்திருந்த குத்தாலிங்கத்தின் வீட்டுக்குள் இறந்துபோன ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தாள். முதலில் வந்தவை பாதங்கள்.

குற்றாலத்தில் ஒரு தோட்டத்துரையின் பங்களாவைக் காலிசெய்தபோது கட்டில், மேசைகளோடு ஒரு பழைய மாண்டலினும் ஏலத்துக்கு வந்தது. குடம் பிளந்து, கழுத்து வளைந்து, கம்பிகள் துருவேறிக் கிடந்த அதை வேறு யாரும் கேட்கவில்லை. குத்தாலிங்கம் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். பிளவை வச்சிரப் பசையால் ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவைத்த மறுநாள், அடுக்களைத் தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. அவர் மனைவி வள்ளித்தாய் துடைத்தாள். துடைத்த இடத்தில் பாதங்களே நின்றன, கணுக்கால் வரைக்கும்.

கழுத்தை நிமிர்த்தியபோது முதுகும் தோளும் தெரிந்தன. கழுத்தின்மேல் விரல் வைத்து அழுத்தும் பித்தளை மெட்டுகளைப் புதிதாகப் பதித்தபோது விரல்கள். பிறகு கூந்தல், அதிலிருந்து ஓயாமல் தண்ணீர் சொட்டியது. குத்தாலிங்கத்துக்குத் தரை வழுக்குவது மட்டும்தான் தெரிந்தது. ஓடு ஒழுகுகிறது என்று கொத்தனாரை அழைத்துவந்தார். வள்ளித்தாய் சோறு வடிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அருவிக் குளிர் நின்றது. அவள் இளைத்துப்போனாள்.

"அந்த மாண்டலின வித்துருங்க. இல்லன்னா நான் ஆலங்குளத்துக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

கம்பி மாட்டாமல் விற்க முடியாது என்றார் அவர். வாங்கிக்கொள்ள ஒரு நாடகக் கம்பெனிக்காரரையும் பிடித்துவிட்டார். அந்த ஆள் வருகிற அன்று காலை குத்தாலிங்கம் கடைசிக் கம்பியை முறுக்கிச் சுதி சேர்த்தார். முகம் வந்தது. பதினேழு, பதினெட்டு வயசு இருக்கும். பேயின் முகத்தை எதிர்பார்த்திருந்த வள்ளித்தாய், அடிவாங்கப் போகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு ஏட்டி நீ?"

"சரியாயிட்டா, அக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அந்தக் குரல் குத்தாலிங்கத்தின் காதிலும் விழுந்தது.

அவள் பெயர் முருகம்மாள். துரை பங்களாவில் விளக்குத் துடைக்கிற வேலை. ஆளில்லாத நேரத்தில் ஆசைப்பட்டு மாண்டலினை எடுத்திருக்கிறாள். ஈரக்கையிலிருந்து நழுவி விழுந்து பிளந்துவிட்டது. "தொரை கொன்னுருவாருன்னு பயந்துபோயி அருவிக்குள்ள எறங்கிட்டேன்" என்றாள்.

வள்ளித்தாய்க்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "ஒரு மரத்துண்டுக்கா ஏட்டி செத்தே?" என்று கத்தினாள். பிறகு அழுதாள். "சரியாயிட்டு. இனி ஒன்ன யாரும் ஏச மாட்டாவ" என்று சொல்லி, தலையைத் துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டினாள். பழைய ஈரம் காய்வதற்குச் சாயங்காலம் ஆனது. இடையில் வாசலுக்கு வந்த நாடகக்காரரிடம், "அது விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி" என்று அவளே சொல்லி அனுப்பினாள்.

பதில் கிடைத்ததும் போய்விடுவாள் என்று இருவரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. போக இடமில்லை போலிருக்கிறது. மத்தியானங்களில் தட்டுத்தடுமாறி மாண்டலின் பழகினாள். 1960-களில் நன்றாகவே வாசித்தாள். குத்தாலிங்கம் கடைசிவரை அவளைக் கண்ணால் பார்த்ததில்லை. சுதி விலகினால் மட்டும், "இன்னொரு தடவ வாசி, தாயி" என்பார்.

எதிர்வீட்டு ஹைருன் பீவி வருஷாவருஷம் அவர்களுக்கு நோன்புக் கஞ்சி இரண்டு கிண்ணம் கொடுத்தனுப்புவாள். ஒரு ரமலானில் அது மூன்றானது. மத்தியான வாசிப்பு அவள் வீட்டுக்கும் கேட்டிருக்க வேண்டும். மூன்று கிண்ணமும் காலியாகி, கழுவித் திரும்பிப் போயின.