துடைதுணியில் ஒரு துகள்

கதிரவன் எழுந்தும் அதன் வெம்மை தரைதொடாத காலைப்பொழுது அது. ஊரின் விளிம்பில், தகரக் கூரைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கிடந்த எஃகுத் தகட்டாலையின் மேலைக் கோடியில், முரட்டுச் சாணைகள் சுழன்று எஃகின் மேல்தோலை உரித்துத் தீப்பொறிகளை மாரியெனச் சொரிய, அவற்றின் கருந்தூள் தூண்களின்மீதும் ஆள்களின் இமைகள்மீதும் வேறுபாடின்றிப் படிந்துகொண்டிருந்தது. கீழைக் கோடியிலோ, இரட்டைக் கதவுகளுக்கு அப்பால், மாவினும் மெல்லிய வெண்பொடியும் எண்ணெயும் இட்டுத் தேய்த்து எஃகுத் தகடுகளை அசையாத நீர்போல் துலங்கச் செய்யும் மெருகறை, உரக்க மூச்சுவிடவும் தயங்குவதுபோல் அடங்கியிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு முற்றமளவே தொலைவு. ஆயினும், படிப்பவரே, அம்முற்றத்தைக் கடக்க ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறை ஆயிற்று.

தந்தை மேலைக் கொட்டகையில் சாணை பிடித்தார். தம் குலத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற மகள் மெருகறையில் அமர்ந்தாள். கொட்டகையினர் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினர். மெருகறையினர் அவள் வந்தால் பேச்சைத் தொடங்கவேயில்லை. இரு கரைக்கும் உரியவளாகாமல், நண்பகல் உணவையும் சுவரைப் பார்த்து உண்டு பழகிய அவளுக்கு, கைவேலை ஒன்றே துணையாயிருந்தது. அத்துணையும் இப்போது கைவிடப் பார்த்தது. அவள் முடித்த மூன்றாம் தகட்டிலும், தலைமயிரினும் மெல்லிய கீறலொன்று குறுக்கே ஓடியது.

"ஏம்மா பட்டதாரி, தகட்டை நீ தேய்ச்சியா, பூனைகிட்ட குடுத்தியா?" என்று மேற்பார்வையாளர் அனைவரும் கேட்கச் சொன்னார். "இன்னும் ஒண்ணு கீறுச்சுன்னா, உங்கப்பா பக்கத்துல ஒரு சாணை காலியா இருக்கு. போய் நின்னுக்கோ."

"தப்பு என் கையிலன்னா நானே போறேன் சார். எங்கப்பாவை எதுக்கு இழுக்கிறீங்க?"

அறையில் எழுந்த சிரிப்பு அடங்கியபின், அவள் உருப்பெருக்கியைக் கீறலின்மேல் வைத்தாள். கீறல் முடியுமிடத்தில், உடைந்த கரித்துண்டுபோல் முனைகூரிய கருந்துகளொன்று பதிந்திருந்தது. மெருகறைப் பொடியோ வெண்ணிறம். இது மேலைக் கொட்டகைச் சரக்கு. கையைக் கழுவியிருந்தாள், பொடித் தட்டுகளை மாற்றியிருந்தாள். எஞ்சியது துடைதுணி ஒன்றே. அதனை வெள்ளைத் தாளின்மேல் உதறியபோது, அத்துகளின் உடன்பிறப்புகள் பொலபொலவென உதிர்ந்தன. துணி வெளுத்துத் தருவது தன் வேலையன்று என்று ஆலை கைகழுவியிருந்தமையால், அவரவர் துணியை அவரவர் வீட்டில் துவைக்கவேண்டும். தாயற்ற அவ்வீட்டில், மகளின் விரல் நோகுமென்று, மாலைதோறும் அதனைத் துவைத்தவர் தந்தை.

அன்று மாலையும் அவர் வீட்டுக் குழாயடியில் குந்தியிருந்தார். தம் சட்டை ஊறிய வாளியில், அவள் கொண்டுவந்த மற்றொரு துணியையும் அமிழ்த்தப்போனார்.

"அப்பா, அதை வைங்க."

"இரும்மா, ரெண்டு கசக்கு கசக்கிட்டுத் தர்றேன்."

"வைங்கன்னு சொல்றேன்ல! உங்க சட்டைத் தூள்தான் என் தகட்டைக் கீறுது. மூணு தகடு போச்சு. எல்லார் முன்னாலயும் கேவலப்பட்டேன்."

"நல்லா அலசித்தானம்மா..."

"அலசினா போற தூளா அது? இத்தனை வருஷம் அதுலயே கிடக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

அவர் தம் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "தெரிஞ்சிருக்கணும்," என்றார். மறுநாள் அவர் கையாலேயே அவருடைய வாளி கொல்லைப்புறம் போயிற்று, கொடிக்கயிறு போயிற்று, பாயும் தட்டும்கூடப் போயின.

அவள் தானே தனியே துவைத்த துணியால் துடைத்த அடுத்த தகட்டில் கீறலில்லை. "பூனை ஊரைவிட்டே போயிடுச்சு போல," என்று மேற்பார்வையாளர் பல்லிளித்து நகர்ந்தார். அவள் தகட்டை ஒளியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடியாய் மாசற்றுத் துலங்கிய அத்தகட்டில் அவள் முகம் மட்டுமே தெரிந்தது. அதன் பின்னே வெறுஞ்சுவர் தெரிந்தது.

மாலையில் வீடு திரும்பியவள், கொல்லையில் தனித்து உண்டுகொண்டிருந்த தந்தையிடம் தன் தட்டையும் எடுத்துச் சென்றாள். அவர் பதறித் தள்ளி அமர்ந்தார்.

"கிட்ட வராதம்மா. இன்னும் குளிக்கல. ஒட்டிக்கும்."

"ஒட்டினா ஒட்டட்டும்ப்பா. நான் குளிச்சுக்கறேன்."

"வேண்டாம்மா. நாளைக்குத் தகடு இருக்குல்ல?" என்று, அவள் மனம் நோகாதிருக்கச் சிரித்துக்கொண்டே, இன்னும் சற்று நகர்ந்தார்.

அவள் நின்ற இடத்திலேயே அமர்ந்து உண்டாள். துணி வெளுக்க ஒரு தொட்டி வைக்க மனமில்லாத ஆலை, மாசற்ற தகட்டைப் பெற்றுக்கொண்டது. ஆலையின் நடுவிலிருந்த முற்றமோ எழுந்து வந்து, அவ்விருவர் தட்டுகளுக்கும் இடையே படுத்துக்கொண்டது.