கரண்ட் போன பிறகும் ஓடிய டேப்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தஞ்சாவூரில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் என் தோழி எழில்மொழி ஒரு மாலை டீக்கடையில் சொன்னது. சொல்லிவிட்டு, "எழுதறதா இருந்தா மேகலாகிட்ட கேட்டுட்டு எழுது" என்றாள். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தவிடு பறக்கும் ரைஸ்மில்லில் நான்கு இளைஞர்கள் கிடாரை மீட்டி…'

(அடித்துவிட்டேன். மூன்று பேர்தான். நாலாவது ஆளாக நானும் இருந்திருக்கலாமே என்ற ஆசையில் கை எழுதிவிட்டது.)

அரவிந்தன் பாட்டும் கிடாரும். எழில் பேஸ் கிடார். சேக் தாவூது டிரம்ஸ். ராக் குழு, பெயர் வண்டல். கல்லூரி முடித்த கோடையில், திருவாரூர்ப் பக்கம் ஓட்டம் நின்றிருந்த மில் ஒன்றில், பேட்டரியில் ஓடும் டேப்ரெக்கார்டரை நெல் மூட்டைமேல் வைத்துப் பதிந்தார்கள். கத்திப் பாடினாலும் பாட்டெல்லாம் வயலுக்கு முறைவைத்து வரும் தண்ணீரும் கடைசி பஸ்ஸும்தான். கடைசிப் பாட்டின் நடுவில் கரண்ட் போனது. கிடார்கள் அடங்கின. எழிலும் தாவூதும் பியூஸ் பார்க்க வெளியே ஓடினார்கள். அந்தப் பாட்டு அதோடு நின்றது.

குழுவும் ஓரிரு வருஷத்தில் நின்றது. அரவிந்தன் பேங்க் வேலைக்குப் போனான், மேகலாவைக் கல்யாணம் செய்துகொண்டான், கொரோனாவில் இறந்தான்.

2

போன வருஷம் யாரோ அந்தப் பதிவை இணையத்தில் கசியவிட்டார்கள். (யாரென்று துப்பறிந்து ஒரு பக்கம் எழுதினேன். சுவாரசியமாக இருந்தது; கிழித்துப் போட்டேன்.) பிரதிக்குப் பிரதி எடுத்ததில் வேகம் கூடி, அரவிந்தன் குரல் சின்னப் பையன் குரலாகியிருந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். எழிலுக்குப் பொறுக்கவில்லை. தன்னிடமிருந்த மூல டேப்பை எடுத்து, சரியான வேகத்தில் ஓட்டி, இரைச்சலை நீக்க உட்கார்ந்தாள்.

நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் தாவூது போன் செய்தார்.

"எழிலு, பாதிப் பாட்ட எப்படி விடறது? ஏஐல போட்டா மிச்சத்த அவன் குரல்லயே பாடிடும். நான் போட்டும் பாத்துட்டேன்."

இந்த இடத்தில் தாவூதை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அவர் அழுதிருக்கிறார்.

3

இரைச்சலை நீக்க, இரைச்சல் மட்டுமே உள்ள ஒரு துண்டை எடுத்துக் கணினிக்கு அடையாளம் காட்ட வேண்டும். கரண்ட் போன பிறகும் பேட்டரியில் ஓடிய டேப்பில் பதிந்து, கசிந்த பிரதிகளில் வெட்டப்பட்டிருந்த அந்த வெற்று 'ஸ்ஸ்ஸ்' அதற்குத் தோது என்று எழில் நினைத்தாள். ஒலியைக் கூட்டினாள்.

உள்ளே ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.

மைக் இல்லை, கிடார் இல்லை. மற்ற இருவரும் வெளியே போன பிறகு, இருட்டில் அரவிந்தன் தன் பாட்டைத் தானே முடித்திருக்கிறான். தவிட்டுத் தூசியில் இருமி, விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்து.

4

மேகலாவையும் தாவூதையும் எழில் வரவழைத்தாள். கேட்டு முடித்ததும் தாவூது சொன்னார்:

"நாங்க வெளிய போயிருக்கக் கூடாது."

தன் போனிலிருந்த ஏஐ பாட்டை அங்கேயே அழித்தார்.

மேகலா இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, "இவரை எனக்குத் தெரியாதுக்கா" என்றார். "எங்கூட இருந்தவரு ஒருநாள்கூட பாடினதில்ல. ஊர்ல எல்லாரும் கேட்டப்புறம்தான் அவரு பாடுவாருன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு."

மேகலாவின் குரலில் கோபம் இருந்ததாக எழில் சொன்னாள். (நான் 'துயரம்' என்று எழுதியிருந்தேன். கோபம்தான்.)

"மத்ததெல்லாம் வெளிய விடுங்க. இது மட்டும் வேணாம். இதையாவது மொதல்ல கேட்டது நானா இருக்கட்டும்."

"நாங்களும் கேட்டுட்டோமேம்மா…" என்றார் தாவூது.

"நீங்க அவரோட ஆளுங்கண்ணே. பரவால்ல."

5

சீர்செய்த பாட்டுகள் வெளியாகிவிட்டன. கடைசிப் பாட்டு கரண்ட் போன இடத்திலேயே நிற்கிறது. ஏன் முடிக்கவில்லை என்று இணையத்தில் கேட்டவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், மேகலா மனம் மாறி அதையும் வெளியிடுகிறார். இன்னொன்றில், தன் வீட்டுச் சமையலறையில் அந்த வரியை முணுமுணுக்க…

வேண்டாம். அவர் வீட்டுக்குள் எனக்கு என்ன வேலை?

அரவிந்தன் இருட்டில் என்ன பாடினான் என்று எழில் என்னிடம் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. பாட்டு பாதியில் நிற்பது உங்களை உறுத்தினால், மிச்சத்தை நீங்களே எழுதிப் பாடிக்கொள்ளுங்கள். அரவிந்தன் பாடியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.