திரும்பும் தேதியை எழுதாத நோட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததில்லை. பக்கத்து வீட்டு உனைசி அக்கா ஒருநாள் கோடு போட்ட நோட்டு ஒன்றை என் மேசையில் போட்டு, "உனக்குத்தான் எழுத வருமே, என் பயணத்துக்கு ஒரு திட்டம் எழுதிக்குடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். நோட்டு அவளோடு கப்பலேறிவிட்டது. எனக்கு மிஞ்சியது இது.

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், சரக்குக் கப்பல் அலுவலகமொன்றில் இருபத்தேழு வருடம் டிக்கெட் எழுதியவள் உனைசி. தீவுகளின் பெயரெல்லாம் அவள் கையெழுத்தில்தான் புறப்பட்டுப் போகும். அவள் எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் அபெனிசாவின் குடும்பத்தோடு இருக்கிறாள். ஐம்பத்தாறு வயதில் வேலை முடிந்தது.

"முதல்ல தீதியா. அப்புறம் லக்கெம்பா, கம்பாரா, ஃபுலாங்கா. கடைசியா ஓனோ."

"ஒவ்வொரு தீவுலயும் எத்தனை நாள்க்கா?"

"அடுத்த கப்பல் வர்ற வரைக்கும்."

"அது எப்ப வரும்?"

"இத்தனை வருஷமா ஜனங்க என்கிட்ட கேட்ட கேள்வி இது. அன்னிக்கும் எனக்குத் தெரியாது, இன்னிக்கும் தெரியாது."

"திரும்புற தேதி?"

"அந்த எடத்த காலியா விடு."

(வேகமான கதை வேண்டுமென்றால் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. இதுவும் சரக்குக் கப்பல்தான். மாவு மூட்டை இறக்கும் இடத்திலெல்லாம் நிற்கும்.)

2

திட்டம் முடிந்ததும் எனக்குப் புத்தி கெட்டது. இதில் ஒரு கதை இருக்கிறது, காரணம்தான் இல்லை, நாம் ஒன்றை வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "இருபது வருடங்களுக்கு முன், லக்கெம்பாவிலிருந்து வந்த ஒரு மாலுமி கவுன்ட்டரில் சாய்ந்து நின்று அவளை…"

[விட்டுவிட்டேன். வாசித்துக் காட்டியபோது குடித்த தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தாள். "மாலுமியா? அவனுங்க வாய்நாத்தம் கவுன்ட்டர் கம்பி தாண்டி வரும் தம்பி."]

இரண்டாவது: "மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல்…"

[இதற்குச் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு கேடும் இல்ல. சாகப்போறவளாயிருந்தாத்தான் பொம்பள ஊர் சுத்தலாமா? அப்படின்னாதான் உன் கதையப் படிக்கறவங்க விடுவாங்களா?"]

மூன்றாவது: "அவளுடைய தாய் பிறந்த தீவு…"

["எங்கம்மா ரேவாக்காரி. பஸ்ல போனா முக்கா மணி நேரம்."]

"அப்ப எதுக்குத்தான்க்கா போறீங்க?"

"உங்கப்பா மீன் பிடிக்கப் போறேன்னு மூணு நாள் காணாமப் போவாரே, யாராச்சும் அவர்கிட்ட எதுக்குன்னு கேட்டீங்களா?"*

* கேட்டதில்லை. மீன் வந்ததுமில்லை.

ஆகவே காரணம் கிடையாது. நான் வைக்கப்போவதும் இல்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டாலும் இதே பதில்தான்.

3

ஞாயிற்றுக்கிழமை. மாதாகோயில் முடிந்து மதியச் சாப்பாடு. தாலோக் கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த மீன். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பெரியவர்களான பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளமாட்டார்கள், அது மரியாதை. நாற்பது வருடமாக அபெனிசா தங்கையிடம் சொல்ல வேண்டியதை வேறு யாரிடமாவதுதான் சொல்லிவருகிறார். இப்போது மனைவி வாசிதியிடம்.

"வாசிதி, அவகிட்ட சொல்லு. ஒவ்வொரு ஊர்லயும் தலைவர் முன்னால யங்கோனா வேரைக் காணிக்கையா வச்சு, ஆம்பளைதான் பேசி உத்தரவு கேக்கணும். யாரு பேசுவா? இவ பேசுவாளா?"

வாசிதி தன் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்த உனைசியிடம் திரும்பினாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி. கூட கப்பல்ல வர்ற ஒரு ஆம்பளையப் பேசச் சொல்லுவேன்னு சொல்லுங்க."

"முன்னப்பின்ன தெரியாதவனையா!" என்றார் அபெனிசா மீனைப் பார்த்து. "தேதியும் போடாம போறாள்னா, இந்த வீட்டுக்குத் திரும்பியே வரவேணாம்னு சொல்லு."

வாசிதி சொல்லவில்லை. கரண்டி சட்டியிலேயே நின்றது.

(இங்கே நான் அபெனிசாவை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். தங்கைக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி நடையில் ஒன்பது நாள் படுத்துக்கிடந்த மனிதர் அவர். கடலுக்குப் போய்த் திரும்பாத கூட்டாளி ஒருவனும் அவருக்கு உண்டு. கோபமென்று நான் எழுதியது கோபமே இல்லை.)

உனைசி தட்டைத் தள்ளிவைத்தாள். கப்பல், புயல், ஊர்ப்பேச்சு எதற்கும் அவள் பயப்படவில்லை. அடுத்து சொல்லப்போகும் ஒற்றைச் சொல்லுக்குத்தான் பயந்தாள்.

"அண்ணே."

அபெனிசா நிமிரவில்லை.

"உனக்குப் பயமா இருக்குன்னு சொல்லு, ஒத்துக்கறேன். எனக்கும்தான் இருக்கு. ஆனா திரும்பி வராதேன்னு சொல்லாத. இது எனக்கும் வீடு. நான் போவேன். எப்ப வருவேன்னு தெரியாது. வர்றப்ப இந்தக் கதவைத்தான் தட்டுவேன். நீதான் திறக்கணும்."

"ஐயோ, நேராவே பேசிட்டா!" என்று வாசிதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அபெனிசா எழுந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு வெளியே போய்விட்டார்.

4

"கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூச்சிரைக்க, அபெனிசா துறைமுகத்துக்கு ஓடி…"

[பொய். அவர் வரவில்லை. வரவைத்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். அதற்காகவே வைக்கவில்லை.]

வாசிதியும் நானும் மட்டும் போனோம். காலை பத்துக்கு என்ற கப்பல் மாலை நாலுக்குக் கிளம்பியது. அந்த ஆறு மணி நேரமும் உனைசி பாயை விரித்து மாவு மூட்டையில் சாய்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். தாமதத்துக்காகக் கத்தாத பயணியை அந்தக் கப்பல்காரர்கள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, ஒருவன் வந்து, "அம்மா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தான்.

"போடா, இப்பத்தான் நல்லாருக்கேன்."

5

பதினோரு வாரம் ஆகிறது. தீதியாவில் அவள் இறங்கியது தெரியும். அடுத்த கப்பல் அங்கே போனபோது அவள் ஏறவில்லை. பாய் பின்னிக்கொண்டிருப்பதாகவும் அது இன்னும் முடியவில்லை என்றும் சொல்லியனுப்பினாள். அதற்கடுத்ததில் லக்கெம்பாவுக்குப் போயிருக்கிறாள். அப்புறம் சேதி இல்லை.

நேற்று மத்தியானம் அபெனிசா என் வாசலில் வந்து நின்றார்.

"நீ அவளப் பத்தி எழுதறியாமே. எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"லக்கெம்பா வரைக்கும்ண்ணே."

"மேல எழுது. வந்துட்டா, கதவத் தட்டினா, நான் திறந்தேன்னு எழுது." போகத் திரும்பி, மறுபடி வந்தார். "திட்டலைன்னும் எழுது."

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து வாசிதி கத்தினாள்: "அதெல்லாம் வேணாம்! ஃபுலாங்காவுல ஒருத்தன் கெடைச்சான்னு எழுதுங்க!"

இரண்டுமே நல்ல முடிவுகள். இரண்டில் எதையும் எழுதமாட்டேன் என்று சொன்னேன். அபெனிசா வேலிப்பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். பிறகு, "கம்பாராவுக்கு அடுத்த கப்பல் எப்ப?" என்று கேட்டார். திட்டத்தில் அவளுடைய அடுத்த தீவு அது; போவதற்கா, சேதி அனுப்புவதற்கா என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்கு அவசரமென்றால் மீதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். தடுக்கமாட்டேன். ஆனால் ஒரு வார்த்தை உனைசியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.